தன்னார்வலர்களிடம் நீங்கள் நேரில் கண்ட, மனத்தை நெகிழவைத்த செயல் எது?

கொடைக்கானலில் வியாழக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு வீட்டின் முன்னறையில் கூடி, மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு உல்லன் நூலில் குல்லாவும் காலுறையும் பின்னும் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். பெயர்ப்பலகையோ பதிவு எண்ணோ இல்லாத குழு அது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தையல்கடை நடத்தும் ஒருவர், மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து ஊருக்குள் நாயுடுபுரத்தில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி என்று பலதரப்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். எனக்குப் பின்னத் தெரியாது, பிரிக்கத் தெரியும். பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து மீண்டும் நூலாக்கிக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. அவர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதை விட, கொடுத்தது பயன்படாமல் போனபோது அவர்கள் நடந்துகொண்ட விதமே என்னை மிகவும் நெகிழவைத்தது என்பதால், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் குல்லாவின் தேவையைச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், மார்கழி, தை மாதங்களில் காலையில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் சமையலறை அடுப்பைத் தவிர வேறு கணப்பு கிடையாது. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதைக் குளிர்ச்சித் தாக்கமாகக் கருத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. ஆகவே மூடாத தலை வழியாக நிறைய வெப்பம் வெளியேறிவிடும். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறையில், அதாவது 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில் தொடங்கி உலகெங்கும் பரவிய அந்த முறையில்கூட, குழந்தையின் உடலில் அணையாடை, காலுறை, குல்லா ஆகிய மூன்று மட்டும் இருக்கும்.

இவ்வளவையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மருத்துவமனைச் செவிலியரிடம் அளவும் கேட்டுவிட்டுத்தான் முதல் தொகுதிக் குல்லாக்களைப் பின்னினார்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பார்க்கவே அழகாக இருந்தன. சில வாரங்கள் கழித்து அந்தச் செவிலியர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். தாய்மார்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் குல்லா பைக்குள் போய்விடுகிறது, குழந்தையின் தலையில் கிழிந்த வேட்டித்துணிதான் சுற்றியிருக்கிறது. காரணம் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. பெயர் வைக்கும் வரையில், சில வீடுகளில் முப்பது நாள் கழியும் வரையில், பழந்துணிதான் போட வேண்டும் என்பது வழக்கம்.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும் என்றும், மூடநம்பிக்கையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அன்று அறையில் பேச்சு எழுந்தது. மேல்மலைப் பாட்டி ஊசியை நிறுத்தாமலேயே, “அவுக சொல்றதும் சரிதானே? புதுசு மொடமொடன்னு இருக்கும், சாயம் போகும். பச்சப்புள்ள தலை தாங்குமா?” என்றார். அதற்கு மேல் யாரும் விவாதிக்கவில்லை. பழைய வேட்டியையும் புடவையையும் நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது, பலமுறை துவைத்ததில் கஞ்சியும் சாயமும் போய்த் துணி மெத்தென்று ஆகியிருக்கும் என்பதற்காகவும் இருக்கலாம் அல்லவா?

அன்றைக்கு எடுத்த முடிவு இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. பின்னி முடித்த குல்லா ஒவ்வொன்றையும் ஆரோக்கியமான ஒரு குழந்தையின் தலையில் சற்று நேரம் போட்டு எடுப்பார்கள். பிறகு அதை நன்றாகத் துவைத்து, உலர்த்தி, மூடிய உறையில் வைத்து அனுப்புவார்கள். போட்ட பிறகே துவைக்க வேண்டும் என்ற வரிசையில் ஓய்வு பெற்ற செவிலியர் கண்டிப்பாக இருக்கிறார். இதனால், “இது இன்னொரு பிள்ளை போட்டதுதான் பாட்டி, பழசுதான்” என்று பிரசவ வார்டில் பொய் கலக்காமல் சொல்ல முடிகிறது. முதலில் அந்தப் பொறுப்பை வகித்தவன் குழுவில் ஒருவரின் பேரன். தலை பெருத்துக் குல்லாவுக்குள் நுழையாமல் போனதும் அவன் ஓய்வு பெற்றான். அவனுக்குப் பின் அந்தப் பதவிக்கு அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வரிசையாக வந்து போயிருக்கிறார்கள்.

அந்த முடிவால் என் வேலைக்கும் மதிப்புக் கூடியது. பிரித்த நூல் பிறவியிலேயே பழையது அல்லவா! விடுதிப் பள்ளிகளில் படிப்பை முடித்துப் போகும் பிள்ளைகள் விட்டுச் செல்லும் ஸ்வெட்டர்களே எங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கின்றன. எல்லா ஸ்வெட்டரும் பிரிக்க உதவாது. துணியாக வெட்டி ஓரத்தை ஓவர்லாக் அடித்ததாக இருந்தால், வரிசைக்கு வரிசை நூல் அறுந்து துண்டு துண்டாகத்தான் வரும். அதைத் தலையணைக்குள் அடைக்கலாம், அவ்வளவுதான். தனித்தனிப் பாகங்களாகப் பின்னி இணைத்ததாக இருந்தால், பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, பின்னல் முடிந்த முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் அறுபடாமல் வந்துகொண்டே இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, அதாவது வளையமான நூல்கற்றையாக்கி, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் நிமிரும். நூலின் முனையைச் சிறிது கொளுத்தியும் பார்ப்போம். முடி கருகும் வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். சுடுநீரில் போட்டு அலசினால் கம்பளி இறுகிச் சுருங்கிவிடும் என்பதால் மருத்துவமனைக்கு அக்ரிலிக்கே போகிறது. மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் கொடைக்கானலுக்கு அருகே மன்னவனூரில் இயங்குகிறது. அங்கே மெரினோ இனக் கலப்பு ஆடுகள் மேய்கின்றன. இருந்தும் எங்கள் குல்லாக்கள் செயற்கை நூலில்தான் உருவாகின்றன என்பதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழுவில் பாதிப் பேருக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த ஆசிரியை ஒருவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்னலில் ஒரு கண்ணி, அதாவது நூல் வளையம், நழுவினால் அதற்குக் கீழேயுள்ள கண்ணிகளும் ஏணிப்படிபோல் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். அவர் பின்னியவற்றில் இப்படிப்பட்ட நழுவல்கள் தென்படத் தொடங்கின. அவர் போன பிறகு யாராவது கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் எடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தெரிந்தால் மனம் புண்படுமே என்று வீட்டுக்கார அம்மா அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, யார் பின்னியதானாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே உறையில் போட வேண்டும் என்ற விதியை எல்லாருக்கும் பொதுவாகக் கொண்டுவந்தார். தாம் பின்னிய குல்லாவைத்தான் முதலில் நீட்டினார். அதுவும் அந்த ஆசிரியையிடமே நீட்டினார்.

அது வெறும் மரியாதைக்காகச் செய்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். டீச்சர் குல்லாவை உட்புறமாகத் திருப்பி, விரல் நுனிகளால் மெல்லத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, “இங்க நூல் முனை தொங்குது பாரும்மா” என்றார். கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய இழை அது. பச்சிளங்குழந்தையின் பொருளில் அதைவிட ஆபத்தான குறை வேறில்லை. தொங்கும் இழை கை விரலிலோ கால் விரலிலோ சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அன்று முதல் எல்லாக் குல்லாக்களும் காலுறைகளும் கடைசியாக அவர் கைக்குப் போய்த்தான் வெளியே வருகின்றன. அவர் பின்னியதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார். நழுவிய கண்ணியை அவர் முன்னிலையிலேயே எடுத்துப் போடுகிறார். இருவரும் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை விழா வைத்து, தாய்மார்களை அழைத்துப் படம் எடுக்கலாம் என்று தையல்கடைக்காரர் ஒருமுறை சொன்னார். 2016 ஜனவரியில் சென்னையில் குரோஷே பெண்கள் கூடி, 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் போர்வை இணைத்துக் கின்னஸ் சாதனை படைத்ததையும் எடுத்துக்காட்டினார். அந்தச் சாதனையைப் பாராட்டாதவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் பிரசவித்த களைப்போடு கட்டிலில் இருக்கும் பெண்ணிடம், குல்லா கொடுத்த உரிமையில் படம் கேட்பது முறையாகாது என்று ஓய்வு பெற்ற செவிலியர் சொல்லிவிட்டார். எடுத்தால் குல்லாவை மட்டும் எடுக்கலாம் என்று முடிவாயிற்று. அதையும் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

கேரட் வயல் வேலைக்கு விடியற்காலையில் போகும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கும் மஃப்ளர் பின்னுகிறார்கள். சும்மா கொடுத்தால் வாங்கக் கூசுகிறார்கள் என்பதால், மேல்மலைச் சாலையில் உள்ள டீக்கடை ஒன்றில் பத்து ரூபாய் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் பிறகு தரலாம் என்று கடைக்காரர் சொல்வார்; கணக்கு எழுத மாட்டார்.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் பின்னிக் கொடுக்க நினைப்பவர்கள், முதலில் அங்குள்ள செவிலியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பொத்தான், நாடா, குஞ்சம் எதுவும் வேண்டாம். குழந்தை பிடித்து இழுத்து வாயில் போட்டுக்கொள்ளும். கையுறையும் தவிர்க்கத் தக்கதே. 8ஆம் எண் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர் ஊசி, குல்லாவுக்குப் போதும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் பிரித்த நூலைத் துவைக்கும் வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஐப்பசி மழையில் சிட்டம் நாள்கணக்கில் காயாது. அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகைவாடை ஏறி, மறுபடியும் துவைக்க வேண்டியிருக்கும்.