தப்பு அவர்களுடையது, பாக்கி என்னுடையதா?

கேள்வி: வணக்கம் ஐயா. சென்ற வருடம் எங்கள் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது, ஏஜென்ட் கேட்டபடி ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் சொன்ன தொகையைக் கட்டினேன், பாலிசியும் வந்தது. எட்டு மாதம் கழித்து இப்போது கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். பிரீமியத்தை முடிவு செய்யும் இன்ஜின் அளவு எங்கள் காருக்கு 1,197 சி.சி.யாம். பாலிசியில் 998 என்று பதிவாகிவிட்டதாம். அதனால் 2,318 ரூபாய் பாக்கி, 15 நாளில் கட்டாவிட்டால் பாலிசி ரத்து என்று எழுதியிருக்கிறார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால், "கட்டிடுங்கம்மா, எதுக்கு வம்பு" என்கிறார். மருமகன் ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்கிறார். இத்தனை நாள் இன்சூரன்ஸ் இல்லாமலா ஓட்டினோம் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டவில்லை. கம்பெனி கேட்ட பணத்தைக் கட்டினீர்கள், அவர்கள் பாலிசி கொடுத்தார்கள். நடுவில் உங்கள் கார் யார் மீதாவது மோதியிருந்தால், அடிபட்டவருக்கு 'சி.சி. தப்பு' என்று சொல்லிக் கம்பெனி கையை விரிக்க முடியாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த ஒரு பேருந்து வழக்கில், பிரீமியத்துக்குக் கொடுத்த காசோலையே திரும்பிவிட்டது. ஆனால் விபத்து நடந்த பிறகுதான் பாலிசியை ரத்து செய்தார்கள். அடிபட்டவர்களுக்குக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும், வேண்டுமானால் அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வந்தது. அங்கே பணமே வரவில்லை. உங்கள் விஷயத்தில் கேட்ட பணம் முழுதும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி அந்த 2,318 ரூபாய்க்கு வருவோம். அதை ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள், அதற்குள் இரண்டு கணக்கு இருக்கிறது.

தேர்ட் பார்ட்டி பிரீமியம், அதாவது உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி, அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். வித்தியாசம் 1,322. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,560. இதில் கம்பெனி நினைத்தாலும் தள்ளுபடி தர முடியாது. சரியாகப் போட்டிருந்தால் அன்றைக்கே நீங்கள் கட்டியிருக்க வேண்டிய பணம். மருமகன் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

மீதி 758 ரூபாய் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியாக இருக்க வேண்டும். அந்த விலை கம்பெனி தானே வைத்துக்கொள்வது. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விலை சொன்னார்கள், நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். எட்டு மாதம் கழித்து "இல்லை, கொஞ்சம் கூட" என்றால்? ஜவுளிக்கடைக்காரர் பில் போட்டுப் பணம் வாங்கிவிட்டு, தீபாவளி கழிந்து வீட்டு வாசலில் வந்து நின்றால் கொடுப்போமா? இதை எழுத்தில் மறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

ரத்து செய்வோம் என்ற மிரட்டல்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 2024 ஜூன் மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்களைப் போன்ற தனிநபர் பாலிசியை, மோசடி என்று நிரூபணமானால் மட்டுமே கம்பெனி ரத்து செய்யலாம். அதற்கும் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தது மோசடி ஆகாது. அதுவும் அடித்தது நீங்கள் இல்லை.

இங்கேதான் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் 998 என்று எழுதியது யார்? நீங்களே ஆன்லைனில் அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருக்காது. நீங்கள் அனுப்பிய ஆர்.சி. படம் தேதியோடு வாட்ஸ்அப்பில் இருக்கும். போன் மாற்றுவதற்கு முன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விண்ணப்ப நகலையும் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 2004-இல் இன்சூரன்ஸ் கம்பெனியின் மதுரைக் கிளையில் வேலை பார்த்தபோது, ஒரு டாக்டரின் சான்ட்ரோ காருக்கு, முந்தைய பார்ட்டியின் மாருதி 800 நினைப்பிலேயே, 1,086-க்குப் பதில் 796 என்று போட்டுவிட்டேன். ஆடிட்டில் மாட்டியது. நூற்றுச் சொச்சம் ரூபாய் வித்தியாசம். "பார்ட்டியிடம் வாங்கி வா" என்றார் மேலாளர். டவுன்ஹால் ரோடு கிளினிக்கில் நோயாளிகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் டாக்டர், "உங்க தப்புக்கு நான் ஃபைன் கட்டணுமா?" என்றார். ஃபைன் இல்லை சார், விலை என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார். நான் மிரட்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

ஆகவே கிளை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தவறு கம்பெனியின் பதிவில் நடந்தது, தேர்ட் பார்ட்டி வித்தியாசத்தைக் கட்டத் தயார், மீதிக்குக் கணக்கு காட்டுங்கள், பாலிசி தொடக்கத் தேதியிலிருந்தே 1,197 சி.சி. என்று திருத்தி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் திருத்தச் சீட்டு) தாருங்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதி முக்கியம், இன்றைய தேதி போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். திருத்தமே வேண்டாம் என்றும் விட்டுவிடாதீர்கள். நாளை இழப்பீடு கேட்டு ஒரு கிளெய்ம் என்று வந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் ஆர்.சி.யைத்தான் பிரிப்பார். பணத்தை ஏஜென்ட் கையில் தராமல் கம்பெனிக்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், சென்னை தேனாம்பேட்டையில், பாலிசிதாரர்களின் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 758 ரூபாய்க்காக அங்கே போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பாலிசியை ரத்தே செய்துவிட்டால் கட்டாயம் போங்கள்.

கேள்வி: பாலிசி முடியும் அன்று இரவு 11.50-க்கு யு.பி.ஐ.யில் பணம் கட்டினேன். வங்கியில் கழிந்துவிட்டது. நான்காம் நாள் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. போன வாரம் பம்பர் உடைந்து கிளெய்ம் போட்டபோதுதான் பாலிசியே இல்லை என்கிறார்கள். இன்றோடு 62 நாள். கம்பெனிதானே பொறுப்பு?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை தம்பி. 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டம், 64 வி.பி. பிரிவு: பிரீமியம் வந்து சேராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது. மேலே கும்பகோணம் அம்மாவிடம் பாலிசி இருந்தது, உங்களிடம் இல்லை. பம்பர் உங்கள் செலவுதான். கழிந்த பணம் திரும்பி வர ஐந்து நாளைத் தாண்டியிருந்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியிடம் நாளுக்கு 100 ரூபாய் கேட்கலாம். உங்களுக்கு நாலாவது நாளே வந்துவிட்டது.

காரை வெளியே எடுக்காதீர்கள். பிடித்தால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட, 90 நாளைத் தாண்டினால் நீங்கள் சேர்த்து வைத்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி, மொத்தமாகப் போய்விடும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரச் சொல்லி உடனே புதுப்பியுங்கள். இந்த இதழ் கடைக்கு வரும்போது 80 நாள் ஆகியிருக்கும் என்பதால், உங்கள் முகவரிக்குத் தனியாக ஒரு கார்டும் போட்டிருக்கிறேன்.