கேள்வி – பதில்: வெட்டப்படாத மறை விடை

கேள்வி: பௌதிகவியலாளர் பவுல் டிராக்கின் வாழ்க்கை வரலாறு பற்றி எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் பேசவிருக்கிறேன். கணக்குப் போட்டே ஒரு துணிக்கை உண்டென்று அவர் சொன்னாராம். அது எப்படி இயலும்?
(உயர்தர மாணவி, கிளிநொச்சி)

பதில்: 15 மீற்றர் உயரப் பனையின் வட்டில் இருப்பவர் ஒரு நுங்கைச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நேரே மேல்நோக்கி எறிந்தால், அது எப்போது நிலத்தை அடையும்? புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், 3 செக்கன், −1 செக்கன் என இரண்டு விடைகள் வரும். நேரம் மறையாகாது என்று இரண்டாவதை வெட்டிவிடுவீர்கள். (நாங்களும் அப்படித்தான் படிப்பித்தோம்.)

குவாண்டம் கொள்கையையும் சார்புக் கொள்கையையும் இணைத்து 1928 இல் டிராக் இலத்திரனுக்கு எழுதிய சமன்பாட்டிலும் மறைச் சக்தியுள்ள விடைகள் வந்தன. பழைய பௌதிகவியலில் அவற்றை வெட்டிவிடலாம், ஏனெனில் நேர்ச் சக்தியுள்ள பொருள் நேர், மறைச் சக்திகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைத் தாண்டி மறைப்பக்கம் போக வழியில்லை. குவாண்டம் உலகிலோ இலத்திரன் ஒரு சக்தி மட்டம் விட்டு மற்றொன்றுக்குப் பாயக்கூடியது; அப்படியே மறை மட்டங்களிலும் விழுந்துவிடலாம், ஆனால் விழுவதில்லை. ஆகவே, மறை மட்டங்கள் யாவும் ஏற்கெனவே இலத்திரன்களால் நிரம்பியுள்ளன என்றும், அங்கே ஓரிடம் வெறுமையானால் அது நேரேற்றமுள்ள துணிக்கையாகத் தோன்றும் என்றும் அவர் கொண்டார். அத்துணிக்கை புரோத்தன்தான் என்று முதலில் நினைத்தார். ஆனால் புரோத்தனின் திணிவு இலத்திரனுடையதைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு. அந்த வெறுமையான இடத்துக்குரிய துணிக்கையின் திணிவோ இலத்திரனுடையதற்குச் சமமாக இருக்கவேண்டும் எனக் கணிதவியலாளர் ஹேர்மன் வைல் காட்டினார். அதன் பின்னரே, 1931 இல், எவரும் கண்டிராத ‘எதிர் இலத்திரன்’ ஒன்று உண்டென்று டிராக் எழுதினார். மறு ஆண்டே கார்ல் அன்டர்சன் கலிபோர்னியாவில் அண்டக் கதிர்த் தடங்களிடையே அதைக் கண்டார், அதுவே பொசித்திரன். இந்தத் தடுமாற்றத்தை உங்கள் பேச்சில் விட்டுவிடாதீர்கள்; எனக்கு அவருடைய வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1902 இல் பிறிஸ்டலில் பிறந்தார். மின் பொறியியலில் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல், கட்டணமின்றிக் கணிதம் படித்து, 1923 இல் கேம்பிறிட்ஜ் சென்றார். சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு மொழியிலேயே பேசவேண்டும் என்ற தந்தையின் கட்டளையால் வாய் மூடிப் பழகியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1933 இல் கிடைத்த நோபல் பரிசைக்கூட விளம்பரத்துக்கு அஞ்சி மறுக்க எண்ணியவர், மறுத்தால் விளம்பரம் இன்னும் கூடும் என்று பௌதிகவியலாளர் றதபோர்ட் சொன்னதால் ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: டிராக்கிடம் ஆய்வு செய்த இலங்கைத் தமிழர் உண்டா?
(ஆசிரியர், மாங்குளம்)

பதில்: உண்டு, பேராசிரியர் சி. ஜே. எலியேசர். இலங்கை, மலாயாப் பல்கலைக்கழகங்களிலும் பின்னர் மெல்பேர்ணின் லா ட்றோப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் கற்பித்தவர். கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் 1938 இல் தந்த சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன் அதில் விழாமல் திரும்பி விலகி ஓடிவிடும் என்ற விசித்திரமான முடிவை 1943 இல் வெளியிட்டார்.