சேர்க்கை சரியில்லை

கேள்வி: என் அக்கா மகன் தங்கமான பையன். கூடாத சேர்கையால் வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு இப்போது போலிஸ் விசாரணையில் இருக்கிறான். குற்றப்புத்தி பிறவியிலேயே வருமா, பழக்கத்தில் வருமா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: ‘சேர்கை’யில் க் எங்கே ஐயா? இந்தப் பக்கத்தில் ஒற்றுக்காக நான் தொண்டை கிழியக் கத்துவது ஊருக்கே தெரியும். பிறக்கும்போதே நீங்கள் அதைத் தொலைத்திருக்க மாட்டீர்கள். தேக்காவில் ஏதாவது பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் நாலு சித்தப்பாக்கள் அப்படியே எழுதியிருப்பார்கள், யாரும் தப்பென்று சொல்லாததால் கை பழகிவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதிலும் இதுதான். ஆனால் பக்கம் நிரம்ப வேண்டுமே.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இல் சொல்லத் தொடங்கி 1947இல் ஒன்பது கூற்றுகளாக முடித்தார்: குற்றமும் கற்றுக்கொள்வதுதான், அதுவும் நெருங்கிப் பழகுகிறவர்களிடம். செய்யும் விதத்தோடு, செய்ததற்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமும் அங்கேயே கிடைக்கும். வங்கி அட்டையை நீட்டப் பையனுக்கு யாரும் வகுப்பெடுத்திருக்க வேண்டாம், ‘சும்மா கிடக்கிற கணக்குதானே’ என்று ஒரு கூட்டாளி சொன்னால் போதும்.

எனக்குச் சேர்க்கை என்றாலே பள்ளிச் சேர்க்கைதான் ஞாபகம் வரும். தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போது வீடு 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை, அந்த முகவரியில் 30 மாதமாவது குடியிருக்க வேண்டும். உடனே பாட்டி வீட்டு முகவரி, படுக்காத வாடகை அறை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பொய் முகவரி கொடுப்பது குற்றம். அதைச் சொல்லிக் கொடுப்பது புளோக்குக்குக் கீழே புகை விடும் பயல்களா? டியூஷன் வாசலில் காத்திருக்கும் மற்ற அப்பா அம்மாக்கள்! ‘எல்லாரும் செய்வதுதானே, பிள்ளைக்காகத்தானே’ என்ற சமாதானமும் அங்கேயே இலவசம். லேப்டாப் பை தோளில் தொங்குவதால் இவர்களை யாரும் கூடாத சேர்க்கை என்பதில்லை.

சதர்லாந்துக்கும் இந்த எரிச்சல் உண்டு. 70 பெரிய நிறுவனங்களின் குற்றங்களைத் தோண்டி 1949இல் புத்தகம் போட்டார். வழக்குக்குப் பயந்த பதிப்பாளர் பெயர்களை வெட்டச் சொல்ல, அவை அச்சேறியது 1983இல். மனிதர் 1950லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். போன இதழில் நான் எழுதிய ஒரு கவியரங்கத் தலைவரின் பெயரையும் இங்கே வெட்டிவிட்டார்கள், நானும் 34 வருடம் காத்திருக்கத் தயார்.

சரி, உங்கள் மருமகன். முதலில் நல்ல வக்கீலைப் பாருங்கள். சிறு வயதில் கண்டது ஆழமாக ஒட்டும் என்பதும் சதர்லாந்து சொன்னதுதான். அதனால் அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், பையனைப் பள்ளியில் சேர்த்தபோது எந்த முகவரி கொடுத்தார் என்று.