கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள்: பி.ஐ. கப்பல்கள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, நம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு ஏற்றி வந்த இக்கப்பல்களின் வரலாற்றை நெடுநாளாகத் தேடித் தொகுத்து வருபவர் அளித்த பதில்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): ஐயா, பி.ஐ. கம்பெனி என்று பெரியவர்கள் சொல்வது எந்தக் கம்பெனி?

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மெக்கின்னன், கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டு செல்வதற்காக 1856இல் தொடங்கிய நிறுவனம், 1862இல் இப்பெயரைப் பெற்றது. 1914இல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தோடு இணைந்த பிறகும் தன் பெயரையும் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் என்ற அடையாளத்தையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. பழைய படத்தில் கப்பலின் பெயர் தெரியாவிட்டால் முதலில் புகைபோக்கியைப் பாருங்கள். பெயர் தெரிந்தால் அதன் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: ரஜூலா, ரோனா, எக்மா, எரின்புரா என்று பெரும்பாலான பெயர்கள் ஆகார ஓசையில்தான் முடியும்.

கேள்வி (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர்): எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லாரும் ரஜூலாவில் வந்தோம் என்பார்கள். அந்தக் கப்பலைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்.

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், ஐயா. ரஜூலா 1926இல் கிளாஸ்கோ நகரின் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அதற்கு. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். அறைகளில் தங்கிய பயணிகள் மிகச் சிலர். டெக் பயணிகளாக, அதாவது அறையின்றித் தளத்திலேயே தங்குபவர்களாக, 5,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அதற்குத் தொடக்கத்தில் அனுமதி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள், ஒரு பெரிய தோட்டத்தின் மக்கள் அத்தனை பேரையும் போலப் பல மடங்கு மக்கள் ஒரே கப்பலில் வந்திருக்கிறார்கள். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று வரும். டெக் பயணிக்குக் கட்டிலும் கிடையாது, தடுப்பும் கிடையாது. பாயை விரித்து, தலைமாட்டில் தகரப் பெட்டியை வைத்தால் அதுதான் குடும்பத்தின் இடம். மழைக் காலத்தில் கித்தான் கூரையின் ஓரத்தில் இடம் கிடைத்தவர்கள் நனைந்துகொண்டே வந்தார்கள்.

பேராக் தோட்டங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பினாங்கில் இறங்கி, எதிரே உள்ள ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, பெருநிலக் கரையில் உள்ள பிறை என்ற ஊரில் ரயிலேறினார்கள். அந்தக் காத்திருப்பைக் 'கொரண்டி' என்று நம் பாட்டிமார் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: என் தாத்தா 1919இல் ரஜூலாவில் வந்தார். அந்தப் பயணத்தின் தேதியை அறிய முடியுமா?

முடியாது. ரஜூலா 1926இல்தான் கடலில் இறங்கியது. தாத்தா வந்தது உண்மை, ஆண்டும் சரியாக இருக்கலாம், கப்பல் வேறு.

கேள்வி (காடிங் தோட்டத்துப் பெண்மணி): மாமியாரின் பழைய இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கிழிந்துகொண்டிருக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள், அம்மா. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. குடிநுழைவு முத்திரையின் மங்கிய மையும் அதற்குள் அழிந்துபோகலாம். அமிலமற்ற காகித உறையில் தட்டையாக வைத்து, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் பாதுகாத்தால் போதும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): என் பாட்டனார் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலில் தூத்துக்குடியிலிருந்து பினாங்கு வந்தவர். அக்கப்பலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லையே, ஏன்?

சொல்ல வேண்டியதுதான். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில், 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்குகளாகச் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அவர் எதிர்த்து நின்றது இதே பி.ஐ. கம்பெனியை. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் தருவதாகச் சொன்னது. 1908இல் வ.உ.சி. கைதாகிச் சிறை சென்றபின் சங்கம் நிலைகுலைந்தது. அக்கப்பல்கள் மலாயாவுக்கு ஓடவில்லை, ஐயா.

அதே ஆசிரியர் மறுபடியும்: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருவதைப் பொய் என்கிறீர்களா? 'சிதம்பரம்' என்ற பெயரையே கப்பலில் கண்டதாக என் தந்தையார் சொன்னார்.

பொய் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். உங்கள் தந்தையார் கண்டதும் மெய்தான். பிரான்சில் 1966இல் 'பாஸ்டர்' என்ற பெயரோடு கட்டப்பட்ட கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, 'சிதம்பரம்' என்று பெயரிட்டு, 1970களில் இதே சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓட்டியது. 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அதன் ஓட்டம் நின்றது. பாட்டனார் நினைவும் தந்தையார் நினைவும் ஒரே பெயரில் கலந்திருக்கின்றன.

வேறொருவர் (லிண்டோங் வட்டாரம்): ஆசிரியர் ஐயா சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வெள்ளைக்காரக் கம்பெனியின் புகழைப் பாடுவதைவிட வ.உ.சி.யைப் பெருமைப்படுத்தலாமே?

வ.உ.சி.க்குப் பெருமை சேர்ப்பது அவர் செய்த செயல்தான், தம்பி. பணமும் அரசும் பின்னால் நின்ற ஒரு கம்பெனியைத் தூத்துக்குடிக் கரையில் எதிர்த்து நின்றாரே, அதற்குமேல் மலாயாப் பயணத்தையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோரை ஏற்றி வந்தவை, அவரை வீழ்த்திய கம்பெனியின் கப்பல்களே. இந்தக் கசப்பையும் சேர்த்தே நாம் எழுதி வைக்க வேண்டும். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்திலிருந்து பயணச்சீட்டுச் செலவு கொடுக்கப்பட்டது, கங்காணி ஆள்சேர்த்தார், கப்பல் கம்பெனி தலைக்கணக்கில் வருமானம் பார்த்தது. இதைச் சொல்வது புகழ்பாடுவது ஆகாது. இந்த விவாதத்தில் இதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கேள்வி: 1912இல் ரஜூலாவில் வந்த என் கொள்ளுத்தாத்தா...

1926. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ரஜூலாவுக்கு ஒரு தங்கைக் கப்பல் இருந்ததாமே?

நல்ல கேள்வி. அதுவும் 1926இல் கட்டப்பட்டதுதான், பெயர் ரோனா. நம் மக்களை ஏற்றி வந்த அக்கப்பலைப் போர்க்காலத்தில் படைவீரர்களைச் சுமக்க எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரையோரம், ஜெர்மானிய விமானம் ஏவி, வானொலி அலையால் இயக்கிய குண்டு அதைத் தாக்கியது. 1,015 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். பணியாளர்களையும் சேர்த்தால் 1,100க்கும் மேல். அப்பணியாளர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். குண்டின் தன்மை வெளியே தெரியக் கூடாது என்று அமெரிக்க அரசு நெடுங்காலம் விவரங்களை மறைத்து வைத்தது. அமெரிக்கர் இன்று அவ்வீரர்களை நினைவுகூர்கிறார்கள். இந்திய மாலுமிகளை நினைவுகூர்வோர் மிகக் குறைவு. நீங்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரஜூலாவின் பழைய அஞ்சலட்டை ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை என் துறையன்று. அஞ்சல்தலை சேகரிப்போரைக் கேளுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: தாத்தா வந்த கப்பலை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கடப்பிதழில் உள்ள குடிநுழைவு முத்திரையின் தேதியையும் துறைமுகத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய மலாயா நாளிதழ்களைத் திறந்து, அத்தேதிக்கு முன்பின் வந்த கப்பல் வரவுப் பத்திகளைப் பாருங்கள். ஜெரஜாக்கில் தங்கிய நாள்களைக் கழிக்க மறவாதீர்கள். தாத்தா 1938க்குப் பிறகு தோட்ட வேலைக்கு வந்தவர் என்றால், இந்திய அரசு அவ்வாண்டில் உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்துவிட்டதால், அவர் சொந்தச் செலவில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது பயணச்சீட்டின் அடிக்கட்டை வீட்டுப் பெட்டியிலேயே இருக்கக்கூடும், அதையும் தேடிப் பாருங்கள்.