வங்காளதேசம், நேபாளம்: வெளிநாட்டு இணைய இணைப்பு பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: சார், வங்காளதேசத்தின் வெளிநாட்டு அலைவரிசை (வெளிநாடுகளோடு நொடிக்கு எவ்வளவு தரவு பரிமாறலாம் என்ற அளவு, bandwidth) நேபாளத்தைவிட மிக அதிகம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே நெட் வேகமாக இருக்குமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே ஏறக்குறைய 17 கோடி பேர், நேபாளத்தில் சுமார் 3 கோடி. மொத்தத்தை வைத்துப் பார்த்தால் பெரிய நாடுதான் ஜெயிக்கும். பயனாளர் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ்ஸை (நொடிக்கு நூறு கோடி பிட்) ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் இழுத்தால் ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்), அவ்வளவுதான். அப்புறம், கேபிளின் கொள்ளளவு வேறு, அதில் வாங்கிப் பயன்படுத்துகிற அளவு வேறு. ஒரு நாட்டுக்கு முதலாவதையும் மறு நாட்டுக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: நேபாளத்துக்குக் கடலே இல்லையே, எப்படி இணைப்பு?

பதில்: பெரும்பாலும் இந்தியா வழியாகத்தான். பைரஹவா, வீர்கஞ்ச், விராட்நகர் எல்லைகளில் ஃபைபர் இந்தியாவுக்குள் வந்து, சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் கடலடி கேபிள்களைப் பிடிக்கிறது. 2018 ஜனவரியில் ரசுவாகடி வழியாகச் சீனப் பாதையும் திறந்தது. ஆரம்ப அளவு 1.5 ஜிபிபிஎஸ். செய்தி பெரிது, குழாய் சிறிது!

கேள்வி: வங்காளதேசத்துக்குத்தான் கடல் இருக்கிறதே, ஆரம்பத்திலேயே இணைந்திருக்கலாமே?

பதில்: இணைந்திருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் வந்த வாய்ப்பை, நாட்டின் ரகசியங்கள் கசிந்துவிடும் என்று பயந்து கைவிட்டார்கள் என்பது அங்கே இன்னும் சொல்லிப் புலம்பும் கதை. 2006இல்தான் சீ-மீ-வீ 4 என்ற கடலடி கேபிள் காக்ஸ் பஜாரில் கரையேறியது. அதே கேபிள் சென்னைக்கும் கொழும்புக்கும் வருகிறது. அதன்பின் பல வருடங்கள் அந்த ஒரே கேபிள்தான். கடலில் பிரச்சினை இல்லாவிட்டாலும், காக்ஸ் பஜாரிலிருந்து டாக்கா போகும் தரைவழி ஃபைபரை யாராவது வெட்டிவிட்டால் நாடே திணறும். 2012க்குப் பிறகு இந்தியாவுடன் தரைவழி இணைப்பு, 2017இல் குவாகாட்டாவில் சீ-மீ-வீ 5 என்று பாதைகள் கூடின. இதற்கு நடுவே 2016இல் திரிபுராவுக்கு 10 ஜிபிபிஎஸ் விற்கவும் ஆரம்பித்தார்கள். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவிலிருந்து சென்னையைவிட காக்ஸ் பஜார் எவ்வளவு பக்கம் என்று வரைபடத்தில் பாருங்கள்.

கேள்வி: இத்தனை பாதை இருந்தால் அறுந்தாலும் கவலை இல்லைதானே?

பதில்: கவலை குறையும். 2024 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மேற்கே சீ-மீ-வீ 5 அறுந்தது. டாக்காவில் வேகம் விழுந்தது, ஆனால் இணையம் முழுக்க நிற்கவில்லை. மற்ற பாதைகள் தாங்கின. அடுத்த மாதமே நேபாளத்தில் கேபிள் எதுவும் அறுபடாமல் பல மணி நேரம் பலருக்கு இணைப்பு போனது. இந்தியப் பக்கத்து நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பணம் பாக்கி. ஐஎஸ்பிகள் (இணையச் சேவை தரும் நிறுவனங்கள்) பணம் அனுப்ப அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும், அது வரித் தகராறில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வங்காளதேசமும் தப்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மாணவர் போராட்டத்தின்போது அரசே இணையத்தை நிறுத்தியது. அத்தனை கேபிளும் நல்ல நிலையில்தான் இருந்தன.

கேள்வி: யூடியூப் பார்ப்பதற்கும் இந்த அலைவரிசைதானா?

பதில்: பெரும்பகுதி இல்லை. பலரும் பார்க்கும் வீடியோக்கள் உள்நாட்டிலேயே, நகல் எடுத்து வைத்திருக்கும் கேஷ் சர்வரில் இருக்கும். உள்ளூர் போக்குவரத்தை அங்கேயே மாற்றிவிட நேபாளத்தில் என்பிஐஎக்ஸ், வங்காளதேசத்தில் பிடிஐஎக்ஸ் என்ற மையங்கள் உண்டு. அதனால் வெளிநாட்டு அலைவரிசை குறைவு என்பதை வைத்து மக்கள் நெட்டே பார்ப்பதில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணா, காட்மாண்டுவில் இருக்கும் நண்பனுக்கு சிங்கப்பூர் சர்வரில் விளையாடும்போது பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) அதிகம். அலைவரிசை கூடினால் குறையுமா?

பதில்: நெரிசலால் வரும் தாமதம் குறையும், தூரத்தால் வருவது குறையாது தம்பி. ஃபைபரில் 1,000 கிலோமீட்டருக்கு ஒளி சுமார் 5 மில்லிசெகண்ட் எடுக்கும். சென்னை வழியாகப் போனால் 5,000 கிலோமீட்டருக்குக் குறையாது. போய்வர 50 மில்லிசெகண்ட் கட்டாயம் ஆகும். மும்பையில் சர்வர் இருக்கும் விளையாட்டாகப் பார்க்கச் சொல்லுங்கள்.