மே மாத விருந்தும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி:

எங்கள் வீடு தேவகோட்டையில். கணவருக்கு மாதச் சம்பளம் 48,000 ரூபாய். பூர்வீக வீட்டில் மாமியாரோடு நாங்கள்தான் இருக்கிறோம். கொழுந்தனார்கள் இருவரும் நாத்தனாரும் வெளியூரில் இருக்கிறார்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மூன்று குடும்பமும் வந்துவிடும். எங்களையும் சேர்த்து 13 பேர், 12 நாள். போன வருடம் சாப்பாட்டுக்கு மட்டும் 52,000 ஆனது. எல்லாம் கார்டில் தேய்த்தது. கொஞ்சம் அடைத்தோம், இப்போது மினிமம் மட்டும் கட்டி வருவதால் இன்னும் 31,000 நிற்கிறது. கார்டுக்குக் கட்டும் 1,550 உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 7,000 மிஞ்சும். இந்த வருடம் நகையை வைத்துச் சமாளிக்கலாமா? சமையலுக்கு ஆள் போடலாமா (நாளுக்கு 1,800 கேட்கிறார்கள்)? இல்லை, கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஹெரிடேஜ் ஹோட்டலில் எல்லோரையும் இரண்டு நாள் தங்கவைத்து, விருந்தை அதோடு முடித்துவிடலாமா? வருகிறவர்களிடம் பணம் கேட்கச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்.
– வாசகி, தேவகோட்டை

பதில்:

கேட்கத்தான் சொல்லப்போகிறேன் ஆச்சி. ஆனால் நீங்கள் கேட்க வேண்டாம். யார் கேட்பது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கார்டு.

31,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 1,085 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது ஒரு 195. ஆக 1,280. நீங்கள் கட்டுகிற 1,550ல் அசலில் கழிவது வெறும் 270 ரூபாய். இப்படியே போனால் போன மே மாதம் சாப்பிட்ட கறிக்கு அடுத்த மே மாதமும் வட்டி கட்டுவீர்கள். இன்னொரு சங்கதி: பாக்கி நிற்கிற வரைக்கும் அந்தக் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் கார்டு இன்றைக்கே பீரோவுக்குள் போகட்டும்.

நகையை வைக்கலாம். ஆனால் விருந்துக்காக இல்லை, இந்த 31,000ஐ அடைப்பதற்காக. சின்னதாக ஒரு சங்கிலி போதும். வங்கியில் வருடத்துக்கு 9.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,250 வீதம் கட்டிப் பத்து மாதத்தில் நகையைத் திருப்பிவிடலாம். மொத்த வட்டியே 1,350 சொச்சம்தான். கார்டில் ஒரு மாதத்துக்குப் போகிற தொகை இங்கே பத்து மாதத்துக்குப் போகிறது. மாதாமாதம் அசலில் கட்ட விடுவார்களா, முன்கூட்டி அடைத்தால் தனியாகக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. நீங்கள் அனுப்பிய கணக்குச் சீட்டைப் பார்த்தேன். நன்றாக எழுதிவைத்திருக்கிறீர்கள், செட்டிநாட்டுப் பழக்கம் விடவில்லை. மளிகை, அரிசி, எண்ணெய் 11,500. காய், பால், தயிர் 7,000. கறி, மீன், நண்டு 9,800. கேஸ் 1,500. வெளியில் நான்கு வேளை சாப்பிட்டது 12,600. கூல்டிரிங்க்ஸ், ஐஸ்கிரீம், பாட்டில் தண்ணீர் 5,600. கிளம்பும்போது கட்டிக்கொடுத்த பலகாரம் 4,000.

முதல் நான்கையும் கூட்டினால் 29,800. அதை 13 பேருக்கும் 12 நாளுக்கும் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 191 ரூபாய். இரண்டு டிபன், மதியச் சாப்பாடு, காபி எல்லாம் இதில் அடக்கம். வெளியில் சாப்பிட்டதோ ஒரு தலைக்கு ஒரு வேளைக்கு 242. உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதைவிட, வெளியே ஒரு வேளை சாப்பிடுவதற்கு அதிகம். அப்படியிருக்க, எதற்கு நான்கு முறை வெளியே போனீர்கள் என்று யோசித்தேன். அடுப்படியில் நின்று நின்று உங்களுக்கு முடியாமல் போயிருக்கும். சீட்டில் எழுதாமல் விட்ட ஒரே செலவு அதுதான்.

அதனால் ஆள் போடுங்கள், தாராளமாக. 12 நாளுக்கும் வேண்டாம். எல்லோரும் கூடியிருக்கும் ஐந்து நாளுக்குப் போதும். 9,000 ஆகும். வெளியில் கொடுத்த 12,600ஐவிடக் குறைவு, உங்கள் இடுப்பும் தப்பிக்கும். சமையல்காரர் கொடுக்கும் சாமான் லிஸ்டை மட்டும் அப்படியே கடைக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் கை விசேஷ வீட்டு அளவுக்குப் பழகியது, 13 பேர் என்றால் 25 பேருக்கு எழுதுவார்கள். முந்திரி, நெய், எண்ணெய் மூன்றையும் பாதியாக வாங்கிக் கொடுத்துவிட்டு, போதாவிட்டால் அப்புறம் வாங்கலாம்.

கறி, மீன் கணக்கில் கொஞ்சம் கை வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தொண்டிப் பக்கமிருந்து வருவது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறித்தான் இருக்கும். நண்டு மசாலாவைத் தீபாவளிக்கு வரும்போது போட்டுக்கொள்ளலாம். மே மாதத்தில் ஒரு நாள் கோழி, ஒரு நாள் ஆட்டுக்கறி உப்புக்கறி, மற்ற நாளெல்லாம் காய். இதைச் சிக்கனம் என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். வெண்டைக்காய் மண்டியும் கத்திரிக்காய் கோசமல்லியும் வெளியூரில் யார் வைத்துக் கொடுக்கிறார்கள்? அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, மொச்சை போட்டுக் கொதிக்கவைத்த மண்டி மறுநாள் காலையில் பழைய சோற்றோடு இன்னும் நன்றாக இருக்கும். அந்தக் காலை டிபனுக்குச் செலவென்று பார்த்தால் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும்தான்.

சாயங்காலம் பிள்ளைகள் பீட்சா என்று ஆரம்பிக்கும் நேரத்துக்கு வெள்ளைப் பணியாரம். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே நிற்கிற அளவுக்குக் கோபுரமாக உளுந்தைக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைபோல் ஆட்டி, கொஞ்சம் பாலும் உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போட்டால் மாவு தயார். இது உங்களுக்குத் தெரியாததா. நான் சொல்ல வந்தது வேறு: ஒரு ஈடுக்கு ஒன்றுதான் ஊற்ற முடியும் என்பதால் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றியே நிற்கும், அடுத்தது யாருக்கு என்று சண்டை போடும். காரச் சட்னியோடு ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும். போனில் ஆர்டர் போடும் நினைப்பே வராது. வாணலியில் எண்ணெயை மட்டும் அளவாக ஊற்றுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது நல்லதில்லை.

மளிகையில் ஒரு யோசனை. மாசி, பங்குனியில் புதுப்புளியும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் வரத்து இருக்கும். அப்போதே வாங்கிக் காயவைத்துவிடுங்கள். மோர்மிளகாய், வத்தல், வடகம் போடவும் அந்த வெயில்தான் சரி. மே மாதச் செலவில் ஒரு பகுதி இப்படி முன்னாலேயே கரைந்துவிடும்.

அடுத்து அந்த 5,600. எனக்கு உறுத்தியது இதுதான். காற்றடைத்த குளிர்பானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 40 ரூபாய் பாட்டிலில் 11 ரூபாய்க்கு மேல் வரி. மிச்சத்தில் பெரும்பங்கு சீனித் தண்ணீர். ஒரு லிட்டர் தயிர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்தால் இருபது தம்ளர் நீர்மோர் வரும். தம்ளர் 4 ரூபாய். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, பெருங்காயமும் உப்பும் சேர்த்து, இரண்டாங்கட்டில் நிழலான மூலையில் ஈரமணலைப் பரப்பி அதன் மேல் மண்பானையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பும் தம்ளர்களும். பிள்ளைகள் விளையாட்டுக்கு நடுவே தானாக மொண்டு குடிக்கும். ஃபிரிஜ்ஜைத் திறந்து திறந்து மூடுகிற வேலையும் குறையும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டில் நன்னாரி சர்பத்து. எலுமிச்சை சித்திரை வெயிலில் விலை தாறுமாறாக ஏறும், அதனால் ஒரு பழத்தை நாலு தம்ளருக்குப் பிழியுங்கள். ஒரு நாள் வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுப் பானகம். காலையில் பதநீர் வந்தால் வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும், வைத்தால் புளித்துவிடும். நுங்கு சீசன் அதுதான். விலை பேசும்போது சுளைக் கணக்கில் பேசுங்கள். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன். இரண்டு நாள் ஐஸ்கிரீமும் சேர்த்து எல்லாம் 1,800க்குள் முடியும். ஐஸ்கிரீமை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு நீங்கள் பொல்லாதவர் ஆகிவிடுவீர்கள், அதெல்லாம் வேண்டாம்.

ஹெரிடேஜ் ஹோட்டல் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வளவும் (உள்முற்றம்) பட்டாலையும் (கூடம்) உள்ள சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொருவர் வளவில் படுக்க வாடகை கொடுப்பானேன்? அறை வாடகை நாளுக்கு 7,500க்கு மேல் போகிற ஹோட்டலில் வாடகைக்கும் 18 சதவீதம் வரி, அங்கேயே சாப்பிட்டால் சாப்பாட்டுக்கும் 18. சாதாரண உணவகத்தில் 5தான். ஆசைக்கு ஒரே ஒரு மதியம் காரைக்குடியில் ஒரு நல்ல மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், 3,200 ஒதுக்கியிருக்கிறேன். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று 2022லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்போது புதுக் கணக்கு. வீட்டுச் சமையல், கறி, மீனில் மிஞ்சுவதைக் கழிக்காமல், வெளியே போகாத மூன்று வேளையையும் சேர்த்து 32,300. சமையல் ஆள் 9,000. மெஸ் 3,200. குளிர்ச்சிக்கு 1,800. கூட்டினால் 46,300. பலகாரத்தையும் சேர்த்தால் 50,300. ‘இவ்வளவு பேசியும் 1,700தான் குறைந்ததா?’ என்பீர்கள். ஆமாம். உங்கள் விருந்து பெரிய ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. நான்கு குடும்பத்து விருந்தை ஒரு சம்பளம் தூக்கியதுதான் தப்பு.

படைப்பு (முன்னோருக்குப் படையல்) வருகிறது, பங்காளிகள் பங்கு போட்டுக்கொள்கிறோம். கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கட்டுகிறோம். அப்போது யாரும் மரியாதை குறைந்துவிட்டதாக நினைப்பதில்லை. அதே முறையில் இந்த 46,300ஐ நாலு புள்ளிக்கும் சமமாகப் போடுங்கள்: 11,575. தலைக்கணக்கு வேண்டாம், பிள்ளைகள் சாப்பிட்டதை எண்ணுகிற மாதிரி ஆகிவிடும். பலகாரம் 4,000 மட்டும் பொதுவில் சேர வேண்டாம், அது நீங்கள் உங்கள் கையால் கட்டிக்கொடுப்பது. ஆக உங்கள் பங்கு 15,575. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதத்தில் 5,200 வீதம் எடுத்துவைத்தால் வந்துவிடும். நகைக்கடன் 3,250ஐச் சேர்த்தால் மாதம் 8,450. மிஞ்சுகிற 7,000த்தோடு கார்டுக்குப் போன 1,550ஐச் சேர்த்தால் உங்களிடம் 8,550 இருக்கிறது. இழுத்துப் பிடித்தால் சரியாக வரும்.

யார் கேட்பது? மாமியார். ‘இந்த வருஷத்திலிருந்து லீவுச் சாப்பாடு பொதுக் கணக்கு, ஆளுக்கு இவ்வளவு அனுப்பிவிடுங்கள்’ என்று அவர் ஒரு போன் போட்டால் எந்தப் பிள்ளை மறுக்கும்? அவரிடம் இதைச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். மருமகள் வாயிலிருந்து வந்தால் வேறு மாதிரி கேட்கும். யாருக்காவது இப்போது கை இறுக்கமாக இருந்தால் ஒரு மூட்டை அரிசியாகவோ மாம்பழக் கூடையாகவோ கொண்டுவரட்டும், அதையும் வரவில் எழுதுங்கள்.

அடுத்த வருடத்துக்கு, மே மாதம் பிறந்ததுமே மாமியார் பெயரில் ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் பணம் கட்டுகிற தொடர் வைப்பு) போடுங்கள். மூத்த குடிமக்களுக்கு வட்டி கொஞ்சம் கூடுதல். குடும்பத்துக்கு மாதம் 1,000, நாலு பேருக்கு 4,000. 6.5 சதவீதம் என்றாலும் வருடக் கடைசியில் வட்டி 1,700 போலச் சேர்ந்து 49,700 கையில் நிற்கும். நாமினி யார் என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடுங்கள், பின்னால் பேச்சு வரக்கூடாது. செலவுச் சீட்டை எப்போதும்போல நீங்களே எழுதுங்கள். விருந்து முடிந்த மறுநாள் அதைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் பிரித்துக் கொடுக்க வேண்டாம், ஆர்டியின் அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.