வெண்டை வேரில் முடிச்சு, இரவில் அறுபடும் நாற்று: கடும் மருந்தின்றி என்ன செய்யலாம்?

கேள்வி: பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் வீட்டின் பின்புறம் 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள இரண்டு பாத்திகளில் வெண்டை, கத்தரி, மிளகாய் பயிரிடுகிறேன். வெண்டைச் செடிகள் நண்பகலில் வாடி மாலையில் நிமிர்கின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரெங்கும் முடிச்சுகள். புதிதாக நட்ட மிளகாய் நாற்றுகள் சில, காலையில் தரையோடு அறுந்து கிடக்கின்றன. அண்டை வீட்டுக்காரர் தம்மிடம் மீதமுள்ள கார்போஃபுரான் என்னும் பூச்சிக்கொல்லிக் குறுணையைத் தூவச் சொல்கிறார். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடமென்பதால் தயங்குகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் சரியானதே. கார்போஃபுரான் மனிதருக்கும் பறவைகளுக்கும் கொடிய நஞ்சு என்பதோடு, மலேசியாவில் 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் அதை விவசாயத்தில் பயன்படுத்தவும் தடை உள்ளது.

உங்கள் தோட்டத்தில் இருப்பவை வெவ்வேறான இரண்டு தொல்லைகள். நாற்றை அறுப்பது பெரும்பாலும் வெட்டுப்புழுவாக இருக்கும். அறுபட்ட தண்டைச் சுற்றி இரண்டு அங்குல ஆழம் கிளறினால், சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும் புழுவைப் பகலிலேயே எடுத்து அழிக்கலாம். நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே களையை அகற்றி மண்ணைக் கிளறி விடுங்கள். அடி நீக்கிய காகிதக் குவளையை ஒவ்வொரு நாற்றையும் சுற்றி, ஓர் அங்குலம் மண்ணுக்குள் இறங்குமாறு பதித்து வையுங்கள். இதற்கு இவ்வளவே போதும்.

வேர்முடிச்சு நூற்புழுதான் பொறுமையைச் சோதிப்பது. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேருக்குள் புகுந்து வீக்கத்தை உண்டாக்குவதால் நீர் மேலேறுவது தடைப்படுகிறது. நமது வெப்பத்தில் அதன் ஒரு தலைமுறை மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடுகிறது, ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பயற்றஞ்செடியின் வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சோ வேரின் பகுதியாகவே இருப்பதால் உதிராது. கத்தரி மாலையிலும் நிமிராமல் பச்சையாகவே வாடினால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போன்ற கசிவு இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய்; கீழே சொல்லும் செண்டுமல்லி அதற்கு உதவாது.

பாதிக்கப்பட்ட செடிகளை வேரோடு பிடுங்கிப் பையிலிட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்; எரிக்கவும் வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பது இங்கே பொதுவாகச் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அந்தப் பாத்தியில் வெண்டை, கத்தரி, தக்காளி, வெள்ளரி, பாகல் எதையும் உடனே நடாதீர்கள். அதற்குப் பதிலாகப் பாத்தி முழுவதும் அரை அடி இடைவெளியில் செண்டுமல்லியை நெருக்கமாக விதைத்து, இரண்டு முதல் மூன்று மாதங்கள் வளர விடுங்கள். ஓரத்தில் நான்கு செடிகளை அழகுக்கு நட்டுவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் பலர். நூற்புழுவைக் கொல்லும் பொருள் உயிருள்ள வேரில் இருப்பதால், வேர் எட்டாத மண்ணில் அது வேலை செய்யாது. பூவைப் பறித்துச் சாமிக்கு மாலை கட்டலாம், அதனால் குறையேதுமில்லை. ஆனால் இடையில் களை முளைக்க விட்டால் நூற்புழு அதன் வேரில் பிழைத்துக்கொள்ளும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

செண்டுமல்லியை அகற்றிய பின், பாத்தி ஒன்றுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் நன்கு மக்கிய உரமும் கலந்து, ஈரம் காக்கச் செய்து, இரண்டு வாரம் கழித்தே நடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது இளவேர் கருகக்கூடும். பச்சைக் கோழி எருவைத் தவிர்த்துவிடுங்கள். முட்டையோடும் காப்பித்தூளும் நூற்புழுவைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

கண்ணாடித்தாள் போன்ற நெகிழியால் மண்ணை மூடிச் சூடேற்றும் முறையைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். அது வறண்ட ஊர்களுக்கு ஏற்றது. பினாங்கில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மண்ணை நனைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் மூடி வைத்தால் மேல் மண்ணுக்குப் பலன் கிட்டும்; மேகம் கவிந்த மற்ற மாதங்களில் நெகிழிக்குச் செய்யும் செலவு வீண்.

கத்தரிக்கு இதைவிட நல்ல வழி, சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டுவது. மலாய்க்காரர் தெரோங் பிப்பிட் என்று சொல்லும் அச்செடியின் வேர் நூற்புழுவையும் பாக்டீரியா வாடலையும் பெரிதும் தாங்கும். அது மெதுவாக முளைப்பதால், கத்தரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விதைத்துவிடுங்கள். தக்காளியும் அதில் ஒட்டும், மிளகாய் ஒட்டாது.

மீண்டும் வெண்டை நடுவதற்கு முன், பாத்தியின் பல இடங்களிலிருந்து எடுத்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, அதில் நான்கைந்து வெள்ளரி விதைகளை ஊன்றுங்கள். ஐந்து வாரத்தில் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், முடிச்சு இல்லாத பாத்தியில் நடலாம். முடிச்சுகள் நிறைய இருந்தால் அந்தப் பாத்திக்கு இன்னொரு பருவம் செண்டுமல்லியே தேவை.